உபயம் எழுதிய ஜீப்

எண்பத்தாறாம் வருஷத்து உள்ளாட்சித் தேர்தலில் கம்பவுண்டர் காசிராஜன் ஒன்றியத் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்றதும், சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

காசிராஜன் கால்நடை மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழிச்சல் கண்ட ஆட்டுக்கு மருந்து புகட்டவும், கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்காரவும் அவரைப் போல ஆள் கிடையாது. அவர் போன பிறகு மருந்தகத்துக்கு டாக்டர் வரவில்லை, மருந்தும் வரவில்லை. ஏழு மனு எழுதிப் பார்த்தார். எட்டாவது மனு வேட்பு மனுவாகிவிட்டது.

டெபாசிட் பணம் கட்டுவதற்கு முன்னால் கோமதி அம்மன் சந்நிதியில் நின்று ஒரே ஒரு வேண்டுதல் வைத்தார். "ஜெயிச்சு உள்ள போகணும் தாயே. ஆனா எவன் கைக்கும் கீழ என் கை இருக்கக் கூடாது."

சுயேச்சைக்குக் குடை சின்னம் கொடுத்தார்கள். எதிர்த்து நின்றவர் ரோடு கான்ட்ராக்டர் சிவனாண்டி. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்ததும் சிவனாண்டி சத்தமாகக் கேட்டார்.

"வே கம்பவுண்டர், மழையே பெய்யாத சீமையில கொடைக்கு எவன் வே ஓட்டுப் போடுவான்?"

"வெயிலுக்கும் பிடிக்கலாம்லா. ஒம்ம ரோட்டுல நிழலுக்கு ஒரு மரம் உண்டுமா?"

கடையே சிரித்தது. சிவனாண்டியும் சிரித்துக்கொண்டே தன் கிரீம் கலர் ஜீப்பில் ஏறிப் போனார். அதில் மைக் செட் இருந்தது, நான்கு பேர் இருந்தார்கள், பின்னால் சோற்றுப் பொட்டலம் கூட இருந்தது. காசிராஜனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு கிராமம் போனால் பெரிது. இன்னும் இருபது நாளில் எல்லா ஊரையும் எட்டிப் பார்க்க வழியில்லை.

இந்த நேரத்தில்தான் ராஜகம்பீரா மில்ஸ் மேனேஜர் அவர் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், தணிவாகப் பேசுகிறவர். காசிராஜனின் மனைவி வள்ளித்தாய் கொடுத்த காப்பியை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.

"நல்லவங்க பதவிக்கு வரோணும்னு எங்க முதலாளி நினைக்கிறாருங்க. ஒரு ஜீப்பு, டிரைவரு, பெட்ரோலு. தேர்தல் முடியற வரைக்கும் வெச்சுக்கங்க."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே வேண்டாமுங்க."

அவர் போனதும் வள்ளித்தாய் டம்ளரை எடுத்தபடி சொன்னாள். "ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதவன் கடையில நான் சாமான் வாங்க மாட்டேன்."

"எல்லாரையும் சந்தேகப்படக் கூடாது வள்ளி. அந்த மனுசன் மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். முழங்காலயும் பாக்கேன். அதான் வாய மூடுதேன்."

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் காசிராஜன் கோயிலுக்குப் போனார். கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தபோது தலைக்கு மேல் ஒரு டியூப் லைட் எரிந்தது. வெளிச்சத்தை விட எழுத்துதான் அதிகம். கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், ஊர், எல்லாம் எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த பித்தளை அண்டாவிலும் ஒரு பேர். காசிராஜனுக்கு மனசில் சட்டென்று ஒரு வழி திறந்தது. சாமிக்கே கொடுத்தாலும் உபயம் இன்னார் என்று ஊர் அறிய எழுதுகிறோம். ஊருக்கு உழைக்கப் போகிறவனுக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் கிரீம் கலர் ஜீப் ஒன்று வந்தது. நேராகப் பெயின்டர் மைதீன் பாட்சாவின் கடைக்குக் கொண்டுபோனார். கோயில் விளக்குகளில் பாதிக்கு மேல் மைதீன் பாட்சாவின் எழுத்துதான்; ஊரில் கடை போர்டும் அவர்தான், தேர்தல் சுவரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"அண்ணாச்சி, எலக்‌ஷன் வண்டியில உபயம் எழுதச் சொல்லுத மொத ஆளு நீங்கதான். வாங்கினத மறைக்கத்தான எல்லாரும் பெயின்ட் அடிப்பாக!"

"பெருசா எழுதும் வே. தூரத்துல இருந்து தெரியணும்."

"கொடைய விடப் பெருசாவா?"

"கொடைக்குச் சமமா இருக்கட்டும்."

இரண்டு பக்கமும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் அழகாக வந்தது: 'இந்த ஜீப், டிரைவர், பெட்ரோல் உபயம்: ராஜகம்பீரா மில்ஸ்.' மைதீன் பாட்சா கடையைச் சாத்திவிட்டு, மைக் பிடிக்கிறேன் என்று தானும் ஏறிக்கொண்டார்.

மூன்று நாள் கொண்டாட்டமாகப் போயிற்று. ஜீப் நின்றதும் கூட்டம் கூடியது. படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்தார்கள், தெரியாதவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் வண்டிக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்.

நான்காம் நாள் பனவடலிசத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மேய்ச்சல் வெளியில் வண்டி நின்றது. பேச்சித்தாய் நாற்பது ஆடுகளோடு ரோட்டை மறித்து நின்றாள். அவள் ஆடுகளில் பாதியாவது ஏதோ ஒரு நேரத்தில் காசிராஜன் கையால் மருந்து குடித்தவை.

"கம்பவுண்டரய்யா, வண்டியில என்னமோ செவப்பா எழுதியிருக்காகளே, என்னது?"

மைதீன் பாட்சா படித்துச் சொன்னார். பேச்சித்தாய் கம்பை ஊன்றிக்கொண்டு யோசித்தாள்.

"உபயம்னா சரிதான். நானும் போன வருசம் ஆத்தாளுக்குப் பித்தள மணி வாங்கிக் குடுத்தேன். ஆட்டுக்கு நோவு வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் குடுத்தேன். இந்த மில்லுக்காரவுக ஒங்களுக்கு என்ன வேண்டிக்கிட்டுக் குடுத்தாக?"

காசிராஜன் வண்டியை விட்டு இறங்கினார்.

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாக தாயி."

"வேண்டுதல் இல்லாம யாராவது உபயம் குடுப்பாகளா? சாமிக்கே குடுக்க மாட்டாக. நீங்க சாமியா?"

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைதீன் பாட்சா மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார். காசிராஜனுக்கும் சிரிப்பு வந்தது. கொடுத்தவர் பேரை எழுதினால் போதும், கை சுத்தம் என்று நினைத்திருந்தார். ஒன்றும் வேண்டாம் என்றதும், பிறகு எதற்குக் கொடுக்கிறார் என்று கிண்டிக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. முழங்கால் வலி அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது.

"கேட்டுட்டு வந்து சொல்லுதேன் தாயி" என்றார்.

வண்டியைத் திருப்பச் சொன்னார். மில்லின் ஆபீஸ் ஊருக்குள் ஒரு மாடியில் இருந்தது. மேனேஜர் எழுந்து வரவேற்றுக் காப்பி வரவழைத்தார். வாசலில் நின்ற ஜீப்பின் சிவப்பு எழுத்தை ஜன்னல் வழியே பார்த்து அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எதுக்குங்க இந்த விளம்பரம்? எங்க முதலாளி கூச்ச சுபாவமுங்க."

"தப்பா நெனைக்காதிய. உங்க வேண்டுதல் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மேனேஜர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். பேச்சித்தாய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அதே வெளி. நாற்பது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு.

"இங்க எங்க புது மில்லு வருதுங்க. ஒன்றியத்துல தடையில்லைன்னு ஒரு தீர்மானம் வேணும். அவ்வளவுதானுங்க. முந்நூறு பேருக்கு வேலைங்க."

"வேலை வாரது நல்லதுதான். இத அந்த ஊரு சனங்ககிட்ட மைக்ல சொல்லட்டுமா?"

"ஐயையோ, இப்ப வேண்டாமுங்க! தீர்மானம் ஆன பொறகு சொல்லிக்கலாமுங்க."

"ஆடு எங்கன மேயும்?"

அதற்கு வரைபடத்தில் பதில் இல்லை. மேனேஜர் கொஞ்சம் பொறுமை இழந்தார்.

"சிவனாண்டி அண்ணன் இந்தக் கேள்வியெல்லாம் கேக்கவே இல்லைங்களே!"

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்தார். காசிராஜனுக்குச் சிவனாண்டியின் கிரீம் கலர் ஜீப் கண்முன் வந்தது. இரண்டு வண்டிக்கும் ஒரே நிறம், ஒரே கித்தான் கூரை. எந்தக் குதிரை ஜெயித்தாலும் பந்தயம் மில்லுக்குத்தான். கோபம் வரவில்லை. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார்.

"உங்க காப்பிக்கு ரொம்ப நன்றி. ஒரு ஆத்தாளுக்குப் பதில் சொல்லுததா வாக்குக் குடுத்திருக்கேன். அது வரைக்கும் வண்டி என்கிட்ட இருக்கட்டும். அதுக்குப் பொறவு நீங்களே எடுத்துக்கிடுங்க."

அன்று மாலையே மேய்ச்சல் வெளியில் மைக் கட்டிச் சொன்னார். மில்லைத் திட்டவில்லை. இன்ன இடம், இத்தனை ஏக்கர், இத்தனை பேருக்கு வேலை, இதற்காகத்தான் ஜீப் என்று எல்லாவற்றையும் சொன்னார். "சரியா விசாரிக்காம ஏறி உக்காந்தது என் தப்பு. மன்னிச்சுக்கிடுங்க" என்றும் சொன்னார்.

பேச்சித்தாய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுக்கு வேண்டுதல் உண்டு. நீங்க தாகமாத் திரியக் கூடாதுன்னு வேண்டுதல்."

மறுநாள் காலையில் டிரைவர் ஜீப்பை எடுத்துப் போக வந்தான். எழுத்தை அழித்துக் கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். "எழுதினது ஓசி. அழிக்கதுக்கு அம்பது ரூவா" என்றார் மைதீன் பாட்சா. அழிக்காமலே வண்டி போயிற்று. மில் ஆபீஸ் வாசலில் அது இரண்டு நாள் நின்றது; பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள்.

வண்டி போனதும் காசிராஜன் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். புளியங்குடிக்கு எலுமிச்சை ஏற்றப் போகும் லாரிக்காரர், போகிற வழியில் மூன்று ஊரில் இறக்கிவிடுகிறேன் என்றார். ஒருவர் மாட்டு வண்டி கட்டினார். ஒரு பால்காரர் கேன்களுக்கு நடுவில் இடம் செய்து தன் டி.வி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் காசிராஜன் மறக்காமல் கேட்டார்.

"உங்க வேண்டுதல் என்ன?"

"எங்க காளைக்குக் கால்ல முள்ளு எடுத்தீயளே, மறந்துட்டீயளா?"

"வழியில பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல அய்யா, சும்மாதான். ஒங்களப் பாத்தா சும்மா செய்யத் தோணுது."

கடைசிப் பதிலைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. இப்படிச் சும்மா கிடைப்பதும் உலகத்தில் இருக்கிறது. அதனால்தான் மேனேஜரின் சும்மாவையும் நம்பினோம் என்று நினைத்துக்கொண்டார். நம்பியதற்காக வெட்கப்படத் தேவையில்லை என்றும் தோன்றியது.

ஆனால் உண்மையான கூத்து சிவனாண்டிக்குத்தான். அவருடைய ஜீப் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், மைக் சத்தம் நிற்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

"வண்டி யாரு உபயம்? வேண்டுதல் என்ன?"

முதல் ஊரில் சொந்த வண்டி என்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டர் வண்டிக்கு அடுத்த நம்பர். இரண்டாவது ஊரில் நண்பர் கொடுத்தது என்றார். மூன்றாவது ஊரில் ஒரு ஆத்தாள் வெற்றிலையில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். "மேய்ச்சல் நெலத்தக் குடுக்க மாட்டேன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, ஓட்டுப் போடுதோம்." கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவனாண்டி சூடத்தை அடித்து அணைத்தார். அதன்பிறகு வழி நெடுகச் சூடம்தான். நாலாம் நாள் அவரே ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, மச்சானின் வாடகைக் காரில் வந்தார்.

ஓட்டு எண்ணினார்கள். நாற்பத்து மூன்று ஓட்டில் சிவனாண்டி ஜெயித்தார்.

மைதீன் பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். "அந்த ஜீப்பு மட்டும் கடைசி வரைக்கும் இருந்திருந்தா, போகாத ஊரு ஒம்பதுக்கும் போயிருப்போமே அண்ணாச்சி."

"போயிருப்போம்" என்றார் காசிராஜன். வருத்தம் இல்லாமல் இல்லை. ஏழு மனுவும் அப்படியே கிடக்கின்றன. பசு நோவு கண்டால் இன்னும் டாக்டர் இல்லை. இரவு முழுவதும் அதுதான் மனசில் ஓடியது.

மறுநாள் காலையில் வாசலில் கார் சத்தம் கேட்டது. சிவனாண்டி மாலையும் கழுத்துமாக வந்து, கையைக் காட்டினார். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, ஓரிடத்தில் கொப்பளம் கண்டிருந்தது.

"பாரும் வே! ஒம்மால முப்பத்தாறு ஊர்ல சூடம் அடிச்சிருக்கேன். ஒரு ஊர்ல பொய் சொன்னா அம்மன் மன்னிப்பா. முப்பத்தாறு ஊர்ல சொல்ல முடியுமா?"

"அப்போ மில்லுக்காரர்?"

"நேத்தே மாலையோட வந்தாரு. கையக் காட்டினேன். தனியார் நெலத்த வெலைக்கு வாங்கிக்கிடும்னு சொல்லிட்டேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு வே, அப்படிச் சொன்னதும் ராத்திரி நல்லா ஒறங்கினேன்."

காசிராஜன் உள்ளே போய் மருந்து டப்பாவை எடுத்துவந்து, ஆட்டுக்குக் கட்டுவது போலவே அவர் கைக்கு மருந்து தடவித் துணி சுற்றினார். சிவனாண்டி வலியில் நெளிந்தார்.

"மெதுவா வே! நான் ஆடா?"

"ஆடு இவ்வளவு சத்தம் போடாது."

வள்ளித்தாய் உள்ளே சிரிப்பது கேட்டது. கட்டு முடிந்ததும் சிவனாண்டி குரலைத் தாழ்த்தினார். "மொதக் கூட்டம் திங்கக்கிழமை. எனக்கு ரோடு தெரியும், தீர்மானம் எழுதத் தெரியாது. மருந்தகத்துக்கு டாக்டர் வேணும்னு முதல் தீர்மானம் போடணும். நீரு எழுதித் தாரும்."

காசிராஜன் மருந்து டப்பாவை மூடினார். "இதுக்கு ஒம்ம வேண்டுதல் என்ன?"

"வர்ற வழியில அந்தப் பேச்சித்தாயி வண்டிய மறிச்சிட்டா வே. டாக்டர் வராம அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாதாம்."

காசிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவில் மை ஊற்றத் தொடங்கினார்.