ஐந்தாம் எண் டோக்கன்

1

இந்தக் கதை என் கைப்பையிலிருந்து வந்தது. அனுபவத்திலிருந்து, ஆழ்மனத்திலிருந்து என்றெல்லாம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். கைப்பையில்தான் இருந்தது: மூக்குக்கண்ணாடி உறைக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவே ஒரு பித்தளை வில்லை, அதில் 5 என்ற எண். இப்போது மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் நான் சொல்லப்போகிற அருங்காட்சியகம் கிடையாது. கதைக்காகக் கட்டினேன். தேர்வுக் குழுவும் அப்படித்தான். தேடிக்கொண்டு போய் ஏமாற வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "லவினா சாதாரணப் பெண் அல்ல. சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, எத்தனையோ தடைகளைத் தாண்டி"

வேண்டாம். மகளிர் தின மலர்களில் இந்த வாக்கியத்தை நானே நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "மாரிகுப்பத்தில் அன்று மழை"

மழை பெய்யவில்லை.

மூன்றாவது: லவினாவுக்கு நாற்பத்தாறு வயது. தங்கவயலை ஒட்டிய மாரிகுப்பத்துக்காரி. அப்பா சைலஸ் சுரங்கத்தில் இறங்கியவர். அவள் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தாள். தபால் வழியில் அருங்காட்சியகவியல் படித்தாள். ஒன்பது ஆண்டுகளாக அங்கே பொறுப்பு இயக்குநர். இயக்குநரின் வேலை எல்லாம் அவளுடையது, பதவி மட்டும் இல்லை. அந்தப் பதவிக்கு இந்த வருடம்தான் நேர்காணல் வைத்தார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சரி, இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தேர்வுக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விதி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூத்த பதவியில் இருப்பதால் அந்த ஒரு பெண் பெரும்பாலும் நான்தான். ஐவரில் ஒருத்தி. தேநீர் வந்தால் தட்டை என் பக்கம் நகர்த்துவார்கள்.*

நேர்காணலுக்கு முன் சுற்றிப் பார்த்தோம். அடித்தளத்தில் ஒரு மாதிரிச் சுரங்கம். இறங்கும்முன் லவினா ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து, பதிவேட்டில் பெயருக்கு நேரே எண்ணை எழுதிக்கொண்டாள். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இறங்குகிறவர் டோக்கனோடு இறங்குவார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் பலகையில் அந்த எண்ணுக்கான ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார்.

"வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தானா?" என்றார் குழுத் தலைவர்.

"ஆமா சார். ஸ்கூல் பசங்க வந்தா அறுவது டோக்கன். எல்லாம் மாட்னாதான் கீழ்க் கதவ பூட்டுவேன்."

மேலே வந்தபோது என் கைபேசி அடித்தது. பலகையை நோக்கிக் கையை நீட்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கை...

* நானும் ஊற்றிக் கொடுப்பேன்.

4

பதினொன்றரை மணிக்கு மாடியில் நேர்காணல். முதல் பெயர் லவினாவுடையது. அவள் வரவில்லை. அங்கே பெருக்கித் துடைக்கிற வெங்கடம்மா கதவருகே வந்து நின்றாள்.

"அக்கா டோக்கன் தேடினு கீதுங்க சார். அஞ்சாம் நம்பர் வரல. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடவும் இல்ல."

தலைவர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

"அஞ்சு பேரும் இங்கதானே இருக்கோம் லவினா? எண்ணிப் பாருங்க."

"ஆள எண்ண மாட்டோம் சார். டோக்கனத்தான் எண்ணுவோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "மேடம், அஞ்சு உங்களுது. மாட்னீங்களா?"

"மாட்டினேனே," என்றேன். அப்போது அது பொய் இல்லை.

"அப்போ கீழ வுழுந்திருக்கும். நீங்க போய் உக்காருங்க மேடம்."

நம்பிவிட்டாள். நேர்காணலுக்கென்று கஞ்சி போட்டுக் கட்டியிருந்த புடவையோடு பலகைக்கு அடியில் முழங்காலிட்டுத் தேடினாள். பிறகு டார்ச்சோடு மாதிரிச் சுரங்கத்துக்குள் இறங்கினாள்.

(ஐந்து பேரைக் கண்ணால் பார்த்த பிறகும் ஐந்தாமவரைத் தேடுவது தவறு என்பீர்கள். தவறுதான். அந்த ஊரில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது.)

5

மாடிக்குத் திரும்பி உட்கார்ந்ததும் பேனா எடுக்கப் பையைத் திறந்தேன். விரலில் பித்தளை பட்டது.

தலைவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்: "பெண்களைப் பொறுப்புல வச்சா இதுதான். சாவியும் குடையும் தேடியே நாள் போயிடும். மேடம் விதிவிலக்கு." மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியது அந்த நொடியில். கொடுத்திருந்தால் அடுத்த சிரிப்பு என்னைப் பற்றியது. முப்பது வருடம் எதையும் மறக்காதவளாக, எதையும் தொலைக்காதவளாக இருந்துதான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன். பையை மூடினேன். வெட்கமாக இருக்கிறது. இந்தப் பகுதியை ஏழாவது வரைவில்தான் எழுத முடிந்தது. முதல் ஆறு வரைவுகளிலும் பெங்களூர் திரும்பும் வழியில் பங்காருபேட்டை தாண்டிய பிறகே டோக்கனைக் கண்டுபிடித்தேன்.

6

நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். புடவையில் மண்.

"இந்த நேர்காணலை விட அந்த வில்லை முக்கியமா?" என்றார் தலைவர்.

"எங்கப்பா வர லேட்டானா எங்கம்மா சுரங்க கேட்டாண்ட போயி ஒண்ணே ஒண்ணுதான் சார் கேப்பாங்க. டோக்கன் மாட்டி கீதான்னு. மாட்டி இருந்தா வூட்டுக்கு வந்து சோறு வடிப்பாங்க. இல்லன்னா அங்கயே நிப்பாங்க." புடவை மண்ணைத் தட்டிவிட்டாள். "எனக்கு இந்த வேல வேணும் சார். ஆனா ஆணி காலியா இருக்கறப்ப மேல வந்து உக்கார முடியல."

மதிப்பெண் தாளில் 'தலைமைப் பண்பு' என்ற கட்டத்துக்கு இருபது. மற்றவர்கள் ஐந்தும் ஆறும் போட்டார்கள். நான் பன்னிரண்டு போட்டேன். அவள் பக்கம் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள அது போதும். அவள் தேர்வாகப் போதாது.

கிளம்பும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். கடைசி வரியைத் தலைவர் உரக்கப் படித்தார்: "ஐந்து பேர் உள்ளே. நான்கு பேர் வெளியே."

"டோக்கன் கெடச்சதும் மாத்திடறேன் சார்," என்றாள்.

7

முடிவுகள்.

(அ) டோக்கனைப் பெயர் போடாமல் தபாலில் அனுப்புகிறேன். பதிவேடு திருந்தும். மதிப்பெண் திருந்தாது.

(ஆ) நடந்ததை அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு எழுதுகிறேன். மறு நேர்காணல் நடக்கலாம். இனி எந்தக் குழுவிலும் அந்த ஒரு பெண் நானாக இருக்க மாட்டேன். தலைவர் இந்தக் கதையை இன்னும் நன்றாகச் சொல்லுவார்.

(இ) எப்படியோ லவினாவுக்கே பதவி கிடைத்துவிடுகிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.

8

பதினோரு நாள் ஆயிற்று. வியாழக்கிழமை அறக்கட்டளை கூடி, வேறொருவரின் நியமன ஆணையில் கையெழுத்திடும்.

நேற்று அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசினேன். வெங்கடம்மா எடுத்தாள். பெயர் சொல்லாமல், சுரங்கம் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டேன்.

"எப்ப வேணா வாங்க. கீழ்க் கதவு தொறந்தேதான் கீது. யாரோ ஒரு மேடம் இன்னும் மேல வரலயாம். அக்கா பூட்ட மாட்டேங்குது."

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த எண்ணத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் பதிவேட்டில் ஐந்துக்கு நேரே இருப்பது உங்கள் பெயர் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை.