கத்துகிற பெட்டி

திருவொற்றியூரில் விரைவுச் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. அன்று காலையிலிருந்தே செங்கொடிக்கு மூச்சுவிட நேரமில்லை. இத்தனைக்கும் அவள் தொழிலே அடுத்தவர் மூச்சுவிடக் காற்று அடைத்துக் கொடுப்பதுதான்! கடலுக்கடியில் நீந்துகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களில் காற்றை அழுத்தி நிரப்புவாள். சாயங்காலம் ராயபுரத்திலிருந்து ஒரு படகு கிளம்புகிறது. படகிலேயே தங்கி, படகிலேயே தின்று தூங்கி, நடுக்கடலில் நாள் கணக்கில் முக்குளிக்கப் போகிற கூட்டம். மறுபடி நிரப்பப் படகில் சின்ன மெஷின் ஒன்று உண்டு. ஆனால் முதல் முங்கல் எல்லாம் செங்கொடி அடைத்துத் தரும் காற்றில்தான்.

இந்த ஒரு பயணம் நல்லபடியாகப் போனால் இனி எல்லாப் பயணத்துக்கும் அவளுக்கே வேலை என்று படகு மேனேஜர் பக்தவச்சலம் வாக்குக் கொடுத்திருந்தார். பொம்பளை ஒருத்தி இந்தத் தொழிலில் நிற்பாளா என்று சிரித்தவர்கள் முன்னால் நின்று காட்ட வேண்டும் என்பது அவளுடைய வெறி.

மெஷின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் சாலையைப் பார்த்து இருந்தது. கடல் பக்கம் வைத்தால் உப்புக்காற்றில் மெஷின் துருப்பிடித்துவிடும் என்று அவளே திருப்பி வைத்தது. சாலையிலோ துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள், இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். அது என்ன இன்று நேற்றா நிற்கிறது? ஒரு விசிறியை அந்தப் பக்கம் ஓட விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம்.

பக்தவச்சலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"இன்னாமே, எல்லாம் ரெடியா? அங்க போட்ல ஐஸ் ஏத்தியாச்சு, அரிசி ஏத்தியாச்சு, உன் காத்து மட்டும்தான் பாக்கி."

"கடைசி நாலஞ்சு சிலிண்டர்தான் சார், ஓடிகினு கீது. காத்தை டெஸ்டுக்கு அனுப்பணும்னு சொன்னியே?"

"அதெல்லாம் போன வாரமே முடிச்சாச்சு." சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து ஆட்டினார். "காத்து சுத்தம்னு சீல் குத்தி வாங்கியாந்துட்டேன். குடுக்கவேண்டியத குடுத்தா எவன் இல்லன்றான்?"

அடப்பாவி! காற்றே அன்று காலையில்தான் அடைக்கத் தொடங்கினாள். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதையாக, அடைக்காத காற்றுக்கு சுத்தப் பத்திரம்! செங்கொடிக்கு மனம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் மெஷினை நிறுத்தவில்லை. எல்லோரும் செய்வதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முகமூடி அளவு சரிபார்க்க வந்திருந்த பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். நவ்ரீன் என்று பெயர். கூடலூர்க்காரி, மலைக் காற்றில் வளர்ந்தவள், காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். படகில் போகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நிரப்பி வைத்திருந்த சிலிண்டர் ஒன்றின் திருகை லேசாகத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, இதுல லாரிப் புகை நாத்தம் வருதே!"

பக்தவச்சலம் சிரித்தார். "அது இந்த ஏரியா நாத்தம்மா. புதுசா வர்றவங்களுக்கு அப்டித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"ஏரியா நாத்தம் வெளியில அடிக்கலாம் சார். இது மூடி வச்ச சிலிண்டருக்குள்ள இருந்து வருது."

செங்கொடி ஓடி வந்து மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சிலிண்டரைத் திறந்து மறுபடி மோந்தாள். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. நாற்றம் இல்லையா, அல்லது தன் மூக்குத்தான் செத்துப்போய்விட்டதா?

மேசை இழுப்பறையைத் திறந்தாள். அடியில் ஒரு சின்ன மஞ்சள் பெட்டி கிடந்தது. புகையின் விஷவாயு காற்றில் கலந்தால் கீச்கீச்சென்று கத்துகிற பெட்டி. தொழில் தொடங்கிய புதிதில் வாங்கியது. லாரிகள் வரிசை கட்டும்போதெல்லாம் கத்திக்கொண்டே இருந்ததால், 'சீ, ஒரே பேஜாரு' என்று அவளேதான் பேட்டரியைக் கழற்றி எறிந்திருந்தாள்.

சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சிலிண்டர் காற்றைப் பைக்குள் விட்டாள். பை உப்பியது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பெட்டி வீறிட்டுக் கத்தியது.

அடுத்த சிலிண்டருக்கும் கத்தியது. அதற்கடுத்ததற்கும் கத்தியது. நவ்ரீனின் முகம் வெளுத்துவிட்டது. "இந்த வாயுவை ஆழத்துல போய் சுவாசிச்சா மயக்கம் வரும்க்கா. தரையில மயங்கினா தண்ணி தெளிச்சு எழுப்பலாம். கடலுக்கடியில மயங்கினா?"

பக்தவச்சலத்துக்கும் வியர்த்தது. ஆனாலும் விடவில்லை. "த பாரு செங்கொடி, கொஞ்சூண்டு கலந்ததுக்கு ஊரைக் கூட்டாத. பேப்பர்ல சுத்தம்னு கீதுல்ல? இன்னிக்கு போட் கிளம்பலன்னா முதலாளி என்னைத் தொலைச்சுடுவாரு. அப்புறம் உனக்கும் வேலை கெடையாது, சொல்ட்டேன்."

செங்கொடி நேராகச் சிலிண்டர் வரிசைக்குப் போனாள். ஒரு சிலிண்டரில் மூச்சுக்குழாயை மாட்டினாள். வாயில் கவ்வும் முனையைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"பேப்பர்தான் கீதே சார். நீ குந்திகினு ஒரு பத்து நிமிசம் இதை இஸ்து காட்டு. அப்பால நானே போட்ல ஏத்துறேன்."

அவர் கை நீளவில்லை. நீட்டிய முனையைப் பார்த்தார், கத்துகிற பெட்டியைப் பார்த்தார், ஒரு எட்டு பின்னால் போனார்.

"உன் வாய்ல வைக்க மாட்ட. அத்த அந்தப் பொண்ணு வாய்ல வைக்கலாமா?"

சொன்ன வேகத்தில் செங்கொடி திரும்பி ஒவ்வொரு சிலிண்டராகத் திருகைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்ற சத்தத்தில் கொட்டகையே அதிர்ந்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. வேலை போனதற்காக இல்லை. வீட்டில் மகள் சௌமியா இருமிக்கொண்டே இருப்பாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, 'இந்த ஏரியால யாருக்கு இருமல் இல்ல?' என்று படுத்துவிடுவாள் செங்கொடி. அதுவும் பேட்டரி கழற்றியது போலத்தான் என்பது அந்த நிமிடத்தில் உறைத்தது.

நீளமான குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கடல் பக்கச் சுவரில் ஏணியைச் சாய்த்தாள். "துருப்பிடிச்சா மெஷினைத் தொடச்சுக்கலாம். மனுசனைத் தொடச்சு எழுப்ப முடியாது. இன்னிக்குப் போட் போவாது சார். கூரைக்கு மேல கடல் காத்தை இஸ்து, பொட்டி கத்தாம இருந்தாத்தான் அடைச்சுக் குடுப்பேன். வேணாம்னா வேற ஆளைப் பாத்துக்கோ."

பக்தவச்சலம் காலியாகிக் கிடந்த சிலிண்டர்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "மொதலாளி, காத்து சரியில்ல. நாளைக்குத்தான் கிளம்ப முடியும்" என்றார். மறுமுனையில் விழுந்த திட்டு நவ்ரீன் வரைக்கும் கேட்டது. வாங்கிக்கொண்டு போனை வைத்தார். சட்டைப்பையிலிருந்த காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"சூதானமா ஏறு" என்றவர், மேசைமேல் இன்னும் கத்திக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டினார். "அத்த அமத்திட்டு ஏறக்கூடாதா? காது கிழியுது."

செங்கொடி ஏணியில் ஏறியபடியே சொன்னாள்: "கத்தட்டும் சார். இங்க வேலை முடிஞ்சதும் வூட்டுக்கு எத்துனு போவேன், அங்கயும் கத்தட்டும். அப்பால தெருக்காரங்களைக் கூட்டிகினு, இந்த லாரிப் புகையைக் கேக்க ஆபீசுக்குப் போவேன், அங்கயும் கத்தட்டும். கத்துற வாயை அடைச்சுட்டா ஆபத்து போயிடாது. நமக்குப் பழகிப்போச்சேன்றதுக்காக விசம் காத்தாயிடாது!"