சத்தம் வராத தடுப்பு

பெரியவர் படுத்த படுக்கையாகி ஒரு வருடமாகிறது. ஹாலில் ஜன்னலோரம் அவருடைய கட்டில். மறுகோடியில் மேசை போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மகள் ஒரு கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை எடுப்பாள். ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று ஆட்கள் குறை சொல்லும்போதே அப்பாவின் குரலும் நடுவில் புகுந்துவிடும். "உங்க வீட்டுல யாரோ கத்துறாங்க, முதல்ல அவங்களைப் பாருங்கம்மா," என்று வாடிக்கையாளர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். மேலதிகாரி மறுபடியும் எச்சரித்த அன்று, ஹாலின் குறுக்கே ஜிப்சம் போர்டில் ஒரு தடுப்பு போடுவதென்று முடிவானது.

ஆளை வைப்பதா, தாங்களே போடுவதா என்பதில்தான் இழுபறி.

"வீடியோ பார்த்துட்டேன். தகரச் சட்டத்தை நிறுத்தி, போர்டை வச்சு ஸ்க்ரூ முடுக்கணும், அவ்வளவுதான். இதுக்குப் போய் ஆளா?" என்றான் அவள் கணவன்.

"நீங்க மாட்டுன ஷெல்ஃப் இன்னும் சலாம் போட்டுக்கிட்டே நிக்குது. தெரிஞ்சவங்க செய்யட்டும், விடுங்க."

"பாவம் மாப்ள, பதிலுக்கு ஒரு சலாம் வச்சிடுங்க," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே வேலையில் இறங்கினான். தடுப்பு நின்றது. ஆனால் கூரையோரம் விரல் நுழையும் சந்து. இணைப்பில் பூசிய பட்டி காய்ந்து வெடித்தது. சத்தம் பழையபடி வந்தது. மறுவாரம் போர்டு வேலைக்காரர் வந்து எல்லாவற்றையும் கழற்றினார். சட்டங்களுக்கு நடுவே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, இரண்டு பக்கமும் போர்டு அடித்து, சந்துகளை மூடினார்.

"இனிமே பொட்டுச் சத்தம் வராதும்மா."

வரவில்லை. அவசரத்துக்கென்று கட்டிலில் ஒரு பெல் பொருத்தினார்கள். பெரியவர் அதை ஒருநாளும் அழுத்தவில்லை. மேலதிகாரி பாராட்டினார். அப்பாவின் பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு ஊட்டும்போதுகூட ம், ம் என்பதோடு சரி.

"ஏம்ப்பா, எம்மேல கோவமா?" என்று ஒரு மதியம் கேட்டாள்.

"கோவமென்னம்மா கோவம்? முன்னெல்லாம் நீ, 'சொல்லுங்க, என்ன பிரச்சினை'ன்னு கேட்டுக்கிட்டே இருப்ப. நானும் இடுப்பு வலிக்குது, வெயில் மூஞ்சியில அடிக்குதுன்னு ஏதாவது சொல்லுவேன். போன்ல வேற யாரையோ கேக்கறேன்னு தெரியும். இருந்தாலும், காதுல விழறப்ப என்னையும் கேட்ட மாதிரிதான் இருக்கும்."

அவர் கத்தியதே இல்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "ஒரு ஜன்னல் அளவுக்கு அறுத்துடலாங்க."

"அந்த ஆளையே கூப்பிடவா?"

"வேணாம். நாமளே அறுப்போம்."

கத்தியால் போர்டைக் கீறி உடைத்தார்கள். பஞ்சைப் பிடி பிடியாகப் பிடுங்கினாள். உள்ளங்கையெல்லாம் அரித்தது. மறுநாள் முதல் அழைப்பிலிருந்தே குரலை உயர்த்திப் பேசினாள். அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் அவளையே பார்த்தன. இனிப் பேச்சு திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர்.

மழை தொடங்கியபோது பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

வேலைக்குத் திரும்பியதும் அவள் முதலில் செய்தது, போனில் பேசும் வேலை வேண்டாமென்று மாற்றல் கேட்டதுதான். எழுத்தில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. கொடுத்துவிட்டார்கள்.