விக்கலுக்குப் புதினா

என் அக்காவுக்குப் புதினாவைத் தவிர வேறு மருந்து தெரியாது. வயிறு உப்பினால் புதினாச் சாறு, தலை வலித்தால் நெற்றியில் புதினா விழுது, வாய் நாறினால் நாலு இலையை மெல்ல வேண்டும். இதுவரைக்கும் சரி. கதவு கீச்சிட்டபோது கீலிலும் அதையே தேய்த்தாள். கதவு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்கவே முடியவில்லை.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறை, ஒரு மைக், கால் ஆடும் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ஒருநாள் மேலாளர் வந்து, என் குரலைப் பதிவு செய்து இயந்திரத்தில் ஏற்றப் போவதாகவும், அப்புறம் நான் வரவேண்டியதில்லை என்றும் சொன்னார். என் குழியை என் வாயாலேயே தோண்டச் சொல்கிறார். கேட்ட அதிர்ச்சியில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

அக்கா நிலையத்துக்கே வந்து செம்பு செம்பாகப் புதினாத் தண்ணீர் கொடுத்தாள். நிற்கவில்லை. அதற்குள் பதிவு செய்பவர் வந்துவிட்டார்.

"சார், விக்கல் நிக்கட்டும். இன்னொரு நாள் வச்சுக்கலாமே," என்றேன்.

"அவர் இன்னொரு நாள் வரமாட்டாரும்மா. நீங்க பேசுங்க. விக்கலை அப்புறம் வெட்டிக்கலாம்," என்றார் மேலாளர்.

பேசினேன். கடைசி ஊரின் பெயரைச் சொல்லி முடித்ததும் விக்கல் நின்றது. "மருந்து கேட்டுருச்சு பாத்தியா," என்றாள் அக்கா. என் வேலை போனது அவள் காதில் விழவே இல்லை.

வெட்டுகிற வேலையை யாரும் செய்யவில்லை. நான் வீட்டில் கிடக்க, அங்கே இயந்திரம் ஊருக்கு ஊர் விக்கியது. பயணிகள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "பாவம், யாரோ நினைக்கிறாங்க," என்றார்களாம். நினைத்தது நான்தான். அந்த ஆட்டக்கால் நாற்காலியை நினைத்து நினைத்து அழுதேன்.

விஷயம் அக்காவுக்கு எட்டியது. "அட, உன் குரலுக்கு இன்னும் குணமாகலையா?" என்றவள், ஒரு கட்டுப் புதினாவை அரைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "அக்கா, அது மெஷினுக்கா," என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். நான் கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது, அவள் இயந்திரத்தின் தலையிலிருந்த காற்றுத் துளைகளில் குழந்தைக்குப் புகட்டுவது போலச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் ஒரு தடவை விக்கியது. பிறகு விக்கவில்லை. பேசவும் இல்லை.

"நின்னுருச்சு," என்றாள் அக்கா.

மேலாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். வெளியே எந்த வண்டி எங்கே போகிறதென்று தெரியாமல் ஜனம் அலைமோதியது. எங்களைத் திட்ட வாயைத் திறந்தவர் கண்ணாடி வழியே அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல மைக்கை எடுங்கம்மா," என்றார்.

எடுத்தேன். நின்ற வண்டிகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முகமே வெளிறிப்போச்சே சார். வாயுத் தொல்லையா? மிச்சம் கொஞ்சம் இருக்கு." வேறு வழி தெரியாமலோ, நிஜமாகவே வாயு இருந்ததாலோ, அவர் வாங்கிக் குடித்தார்.

அடுத்த வண்டியை நான் அறிவித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற அவருக்கு ஏப்பம் வந்தது. மைக் அதை நிலையம் முழுக்கக் கொண்டுபோனது. "விக்கல் ஏப்பமாயிடுச்சு. இனிமே பொழைச்சுக்கும்," என்றார் வெளியே நின்ற ஒரு பயணி.

மேலாளர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வந்துருங்க," என்றார்.

என்னைச் சொன்னாரா, அக்காவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் போனோம்.