தொடக் கூடாத கண்ணாடி

பக்கத்து வீட்டுக்காரர் உள்ளறைச் சுவரோரம் குனிந்து பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் மெஷின் நின்றது. காற்று மெத்தை புஸ்ஸென்று இறங்கியது. அடுத்த வயரில் அவர் கை வைத்ததுதான் தாமதம், அதுவரை கூடத்தில் தன் மனைவியின் உடலுக்குப் பக்கத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அதை மட்டும் பிடுங்காதீங்க சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"இனிமே எதுக்கு கரண்ட்டுன்னுதான்பா..." என்று அவர் இழுத்தார்.

"பிடுங்கினாலும் ஒண்ணும் ஆகாது அண்ணா" என்றாள் லேப் அத்தை. இறந்துபோனவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில் வேலை பார்த்தவள். லேப் அத்தை என்று டிரைவரின் மகள் வைத்த பெயர் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளே குனிந்து வயரைக் கழற்றினாள். "பாருங்க."

கட்டிலோர மேசையில், அந்த வயரின் மறுமுனையில் இருந்த கண்ணாடியில் எழுத்து அப்படியே இருந்தது. 'அடுப்புல என்னமோ தீயுது. ஓடு.'

டிரைவரின் மனைவி கடைசியாகச் சொன்னது அதுதான். தொண்டையில் செய்த ஆபரேஷன் குரலைக் கொண்டுபோன பிறகு அந்தக் கண்ணாடிதான் அவளுக்கு வாய். கீழே இருக்கும் பட்டையில் பேனாவால் எழுதினால் மேலே கண்ணாடியில் தெரியும். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனான் டிரைவர். அவளுக்கு நாற்றம் எட்டிவிட்டது. ஸ்பூனால் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டு இதை எழுதிக் காட்டினாள். ஓடினான். அடுப்பை அணைத்தான். அதோடு வந்திருக்கக் கூடாதா? பாத்திரத்தைப் பார்த்தால் திட்டுவாளே என்று அடிப்பிடித்ததை உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவள் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மூச்சு இல்லை. கரி பிடித்த ஒரு பாத்திரத்துக்காக அவளைத் தனியாகப் போக விட்டுவிட்டோமே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது.

அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது ஃபெரோ எலெக்ட்ரிக் திரவப் படிகம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் அந்தப் பெயர் அவன் வாயில் நுழையவே இல்லை. 'உன் தண்ணி' என்பான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடுக்கில் அந்தத் திரவம் அடுக்கடுக்காக நிற்குமாம். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்துக் குட்டித் திரைக்கும், வெளிச்சத்தைக் கண்ணிமைப்பதற்குள் ஆயிரம் தடவை மறித்துத் திறக்கிற கதவுக்கும் அதைத்தான் போடுகிறார்களாம்.

"ஒரு பக்கம் சாயின்னு கரண்ட்ல ஒரு தட்டு தட்டினா சாஞ்சிடும். அப்புறம் கரண்ட்டே வேண்டாம். மாத்திச் சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கும்" என்று குரல் இருந்த காலத்தில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "உன்னை மாதிரி இல்ல. ஒரு தடவை சொன்னா மறக்காது."

"அப்ப அதையே கட்டியிருக்க வேண்டியதுதானே?"

"அது பஸ் ஓட்டாதே" என்றாள்.

ஒரே ஒரு குறை உண்டு. விரலால் அழுத்தினால் போச்சு. உள்ளே அடுக்கு கலைந்துவிடும், துடைத்தாலும் தேய்த்தாலும் திரும்பாது. அதனால் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: எழுதுகிற பட்டையை யாரும் தொடலாம், கண்ணாடியை யாரும் தொடக் கூடாது. உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி துறுதுறுவென்று இருக்கிறாள் என்று மகளுக்குச் சில்லு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தச் சில்லுவே அந்தச் சட்டத்துக்கு மட்டும் பயப்படுவாள்.

இனி அந்தக் கண்ணாடியில் யாரும் எதுவும் எழுத வேண்டாம் என்று டிரைவர் முடிவு செய்துவிட்டான். தான் சாகிறவரை அந்த வரி இருக்கட்டும். அவளிடமிருந்து அவனுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

உடலை ஏற்றிப்போகிற வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. மாலையை வாங்கி வைத்தார்கள், செருப்புகளை ஓரம் தள்ளினார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சில்லுவைக் காணவில்லை. டிரைவரும் லேப் அத்தையும் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்கள்.

சில்லு வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கண்ணாடி. வலது கையைக் கட்டைவிரல் உள்ளே மடங்க இறுக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"துளி விழுந்துச்சுப்பா. துடைச்சேன்."

கண்ணாடியின் மேல்பாதியில் கலங்கல் படர்ந்திருந்தது. 'அடுப்புல என்னமோ தீயுது' இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டைவிரல் அழுத்தி இழுத்த தடம். கீழே 'ஓடு' மட்டும் மிச்சம். டிரைவருக்கு உச்சந்தலைவரை ரத்தம் ஏறியது. பெற்ற பிள்ளையை ஒருநாளும் அடித்தறியாத கை பரபரத்தது. இடுப்புத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"லேப்ல சூடு பண்ணி மெதுவா ஆற வெச்சா சரியாயிடும் அண்ணா. அடுக்கு மறுபடி கூடிடும்" என்றாள் லேப் அத்தை.

"எழுத்து?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் போயிடும். புதுசு மாதிரி ஆயிடும்."

சில்லு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அம்மா கடைசியா பேசினதை நான்தான் அழிச்சிட்டேனா?"

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ டிரைவரைக் கூப்பிட்டார்கள்.

அவன் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டில் முனகியது. கண்ணாடியை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் போதாது என்று தெரிந்தது. வாசலில் மறுபடி கூப்பிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தி, ஓரம்வரை இழுத்தான்.

லேப் அத்தை, "அண்ணா" என்று ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

சில்லு அப்பாவின் விரலையே பார்த்தாள்.

"அம்மா திட்டுவா" என்றாள், ரகசியம் போல.

"ரெண்டு பேரையும்தான் திட்டுவா."

சில்லு மூடியிருந்த கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, மெதுவாக விரித்தாள்.