ஒற்றைக் கண்ணால் வாசிப்பவள்

“இவளை ரீமிலயிருந்து எடுங்கோ சேர். இண்டைக்கே.”

சிவரூபி சொல்லி முடிக்க முன்னமே மேசைக்குக் கீழே அம்மாவின் நகம் அவளுடைய தொடையில் ஏறியது. வரும்போது பஸ்ஸில் அம்மா நாகேஸ்வரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: மன்னிப்புக் கேள், வேணுமெண்டால் அழு, அதை மட்டும் கேட்டிடாதை. அன்ரன் சேர் வீடு வீடாகப் போய், தகப்பன்மாரோடு மல்லுக்கட்டிச் சேர்த்த பெண்கள் உதைபந்தாட்ட அணி அது. சனிக்கிழமை மாகாணப் போட்டி. தங்கச்சி கஜேந்தினிதான் கோல்கீப்பர்.

அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டது வேறு வழக்குக்கு. வகுப்பில் கஜேந்தினி பக்கத்து வரிசை அஜந்தனுக்குக் கண்ணடிக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்கும் அன்ரன் சேர்தான் பொறுப்பு.

“அஜந்தனுக்கோ?” என்றாள் சிவரூபி. “கண் தெரியிறவள் ஆராவது அவனுக்குக் கண்ணடிப்பாளோ சேர்? ஒரு கண்ணை மூடினால்தான் இவளுக்கு எழுத்து ஒண்டாத் தெரியுது. கோல் கம்பத்தில தலை அடிபட்ட நாளிலயிருந்து இப்பிடித்தான்.”

“கண் டொக்டர் பாத்தவர்தானே பிள்ளை. கடைசி வரி வரைக்கும் வாசிச்சவளாம்.”

“ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பொத்திக் காட்டினால் வாசிப்பாள்தானே. ரெண்டையும் சேத்து ஆர் பாத்தது?”

இதே கேள்வியைக் கண் கிளினிக்கில் கேட்டதற்குத்தான் சிவரூபியை வெளியே நிற்கச் சொன்னார்கள். விடாமல் தங்கச்சியை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு வயதான டொக்டர் பேனை ஒன்றைத் தூரத்திலிருந்து மூக்கு நுனி வரைக்கும் மெல்லக் கொண்டுவந்து பார்த்தார். கண் ரெண்டும் நல்லம். சேர்ந்து திரும்புவதுதான் குழம்பிப் போயிற்று என்றார். பேனைப் பயிற்சி ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும், விட்டுவிட்டு வாசிக்கவேண்டும், சுகமாகும் வரைக்கும் பந்துப் பக்கமே போகக்கூடாது. அதற்குள் இன்னொரு அடி பட்டால் நிலைமை மோசமாகலாம். எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். “சொல்லேலாது,” என்றார்.

அந்தச் ‘சொல்லேலாது’தான் சிவரூபியைக் குழப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் முதன்முதல் கம்பஸ் போனவள் அவள். எதற்கும் ஒரு விடை எங்கேயாவது இருக்கும் என்று நம்பிப் படித்தவள். ஒருநாள் கஜேந்தினி முழுப் பக்கத்தையும் கடகடவென்று வாசிக்கிறாள். மறுநாள் தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். நடிக்கிறாளோ என்று அம்மா கேட்கிறாள். தங்கச்சி காண்பதை அவளுடைய தலைக்குள் புகுந்தா பார்க்க முடியும்?

அன்ரன் சேர் கஜேந்தினியின் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லு பிள்ளை. பந்து எத்தினை தெரியுது?”

ரெண்டு என்றால் சனிக்கிழமை இல்லை. ஒன்று என்றால் கண்ணடித்த பழி கழுத்தில் விழும். கஜேந்தினி பெருவிரலால் நிலத்தைத் தேய்த்தாள்.

“ஒண்டுதான் சேர்.”

“அப்ப வகுப்பில?”

“கண்ணடிச்சனான்.”

நாகேஸ்வரியின் கை அவளுடைய கன்னத்தில் விழப் போனது. சிவரூபி எட்டிப் பிடித்தாள்.

“தலையில அடிக்காதையம்மா!”

அன்ரன் சேரின் முகம் தெளிந்துவிட்டது. “சரி விடுங்கோ அம்மா. வயசுக் கோளாறு. எச்சரிச்சு விடுவம்.” இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையைத் தலைகுனிய வைக்கும் பழி இவ்வளவு கெதியாக மன்னிக்கப்பட்டதைச் சிவரூபி இதுவரை கண்டதில்லை. ஒரு கணம், மெய்யாகவே கண்ணடித்தாளோ என்று அவளுக்கே தடுமாறியது. மேசையில் கிடந்த பேனையை எடுத்துத் தங்கச்சியின் முகத்துக்கு நேரே பிடித்து, மெல்லக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“ரெண்டானவுடன சொல்லு.”

“ஒண்டுதான்.”

சாண் தூரத்தில் இடக்கண் வழுக்கி வெளிப்பக்கம் போனது.

“ஒண்டுதான் அக்கா. ஒண்டுதான்.”

“சேர், கண்டனீங்களோ?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அவள் விளையாடத் தாய் சம்மதிச்சிட்டா. நீங்கள் தமக்கைதானே.”

சிவரூபி பேனையை வைத்துவிட்டு எழும்பினாள். ரீம் பிள்ளைகள் மைதானத்தில்தான் நின்றார்கள். இவளுக்குப் பந்து ரெண்டாகத் தெரிவதை அவளவைக்குச் சொல்லவேண்டியதுதான். கேட்டுவிட்டு இவளை வெளியே இருத்துவார்களோ, தன்னைத் துரத்துவார்களோ, அதுவும் சொல்லேலாது.

“அக்கா, சொன்னியெண்டால் செத்தாலும் உன்னோட கதைக்கமாட்டன்!”

“கதையாதை.”

விறாந்தை முடிந்து வெயில் தொடங்கியது. யாரோ உதைத்த பந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவளுடைய காலடியால் உருண்டு போனது. “அக்கா, அதை எடுத்துப் போடுங்கோ!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவள் பந்தைப் பார்க்காமல் அவர்களை நோக்கி நடந்தாள். கத்தியவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.