நொறுங்கியும் விழாத கண்ணாடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா போனில் சொன்னாள். வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டும் பட்டறையில் அவளுக்கு வேலை. அத்தான் ஓட்டும் தையல் கம்பெனி வேன் மழையில் வழுக்கி இரண்டு முறை உருண்டுவிட்டது. உள்ளே அத்தானைத் தவிர பதினோரு பேர். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'வானம் கறுத்த அந்தக் காலையில் விதி சக்கரங்களின் மேல்...'

(போதும். விதிக்கு லைசென்ஸ் கிடையாது.)

2

கதைக்கு ஒரு சாவு வேண்டும் என்று தோன்றியது. ஜன்னலோரம் இருந்த தையல்காரம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். பெல்ட் போடாதவர். வேன் புரண்டதும் அவர் வெளியே

போனில் படித்துக் காட்டிக்கொண்டிருந்த என்னை இந்த இடத்தில் அக்கா நிறுத்தினாள்.

"அவங்கள ஏன்டா கொன்ன? நேத்துதான் வந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. தோள்ல கட்டு, அவ்வளவுதான்."

"கதைக்காகக்கா."

"அப்ப ஆறு மாசமா உங்க அத்தானோட முதலாளிகிட்ட நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினது எதுக்கு?"

3

கத்தியது இதற்குத்தான். சாதாரணப் பக்கக் கண்ணாடி அடிபட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த ஓட்டை வழியாக ஆள் வெளியே விழுவார். வண்டி அவர்மேலேயே புரளும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் தாள் வைத்து ஒட்டியது விரிசல் விடும், சட்டத்தை விட்டு லேசில் போகாது. முதலாளி கடைசியில் ஒரே ஒரு வேனுக்கு, அத்தான் ஓட்டுவதற்கு மட்டும், தலையாட்டினார்.

"தம்பி பேப்பர்ல கத விடுறான், நீ கண்ணாடியில கத விடுற" என்று அத்தான் கிண்டலடித்தார்.

(உடைந்து விழாத கண்ணாடி என்றால் வெளியே வருவது எப்படி? நியாயமான கேள்வி. அக்காவும் அதைக் கேட்டுத்தான் பின்கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி போட வைத்திருந்தாள்.)

4

நடந்தது இது. வேன் உருண்டபோது தையல்காரம்மாவின் தோள் கண்ணாடியில் மோதியது. அது சிலந்தி வலைபோல விரிந்து, வெளிப்பக்கம் புடைத்து, அவரை உள்ளேயே தாங்கிக்கொண்டது. வேன் சாய்ந்து நின்றதும் அத்தான் கண் இருட்டிக்கொண்டு வரக் கேட்டார்:

"யார் யாரு இருக்கீங்க? குரல் குடுங்க."

பத்துக் குரல்கள் வந்தன. ஒன்று குறைந்தது. அத்தான் மறுபடி கூப்பிட்டார்.

"இருக்கேன்பா. யாரோ என் கால மிதிச்சிட்டு நிக்கிறாங்க" என்றார் தையல்காரம்மா.

எல்லோரும் பின்கதவு வழியாகத் தவழ்ந்து வந்தார்கள். அத்தான் பட்டறைக்குப் போன் போட்டு, "கண்ணாடி நின்னுச்சு" என்றார். அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

5

மற்ற ஐந்து வேன்களுக்கும் கண்ணாடி மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. நாளை தையல்காரம்மா வேலைக்குத் திரும்புகிறார். ஜன்னலோரம் உட்காருவாரா, நடுவிலா? இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். நீங்களே உட்கார வையுங்கள். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள், போதும்.